தனி டிக்கெட்

“என் தம்பிக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?” ஃபோனை எடுத்ததுமே நாத்தனார் கேட்டாள்.

விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வெளிநாட்டுப் பயணம். இருப்பதே நாலு நாள். அதில் ஒரு நாள் முழுக்க நவீன ஓவிய மியூசியமாம். கண் தெரியாதவனை அத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போய், சுவரில் மாட்டிய படத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பெண்டாட்டி மட்டும் பார்த்து ரசிப்பாளாம். கேட்கிறவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள் என்றாள்.

அவர்தான் போக வேண்டும் என்கிறார் என்று இவள் சொன்னதை நாத்தனார் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஆனால் அதுதான் நிஜம்.

அவர் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. நிறங்கள் மட்டும் மங்கலாக நினைவில் இருக்கின்றன. இவள் கட்டடக் கம்பெனி ஒன்றில் பிளான் வரைகிறவள், ஓவியம் என்றால் உயிர்.

வீட்டுக்கு ஒரு ஜோடி கண்தான், அது அவளுடையது. ரோட்டில் என்ன கூட்டம், கல்யாண வீட்டில் யார் குண்டாகியிருக்கிறார்கள், டாக்டர் எந்த முகத்தோடு ரிப்போர்ட்டைப் படித்தார், எல்லாம் அவள் சொல்ல அவர் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக வாய் ஓய்ந்ததில்லை.

இந்த நவீன ஓவியங்கள்தான் அவளைப் பயமுறுத்தின. மியூசியத்தின் வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரை எதிரே உட்கார்த்தி ஒத்திகை பார்த்தாள்.

“இந்தப் படம் முழுக்க நீலம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதாங்க. நீலம்.”

“எங்க கேன்டீன் கதவு மாதிரியா?”

சிரித்துவிட்டாளே தவிர, கவலை விடவில்லை. கடல் தாண்டி அழைத்துப் போய் ‘நீலம்’ என்று சொல்லி நிறுத்தினால் அந்த மனுஷனுக்கு என்ன கிடைக்கும்? அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு வார்த்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். நீலத்துக்கு மட்டுமே ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது.

மியூசியத்துக்கு மெயில் எழுதுவது, பதில் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அவருடைய ஃபோன், வருகிற எதையும் வாய்விட்டுப் படித்துவிடும். வழக்கமாக ஸ்பீக்கரில்தான் கேட்பார். இந்த மியூசியம் மெயில்களை மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டார். டிக்கெட் எடுத்தாச்சா என்றால், எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்பார்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது ஒரு காலை, இயர்ஃபோனில் சார்ஜ் இல்லை. அவள் குளிக்கப் போய்விட்டாள் என்று நினைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அவளோ மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பி வந்தாள். குழாய் கொட்டுகிற சத்தத்தில் அவள் காலடி அவருக்குக் கேட்கவில்லை.

பார்வையில்லாதவர்களுக்கான வழிகாட்டி காலை பத்து மணிக்கு வாசலுக்கே வந்து அவரை அழைத்துக்கொள்வார், படங்களை விவரித்துச் சொல்வார், சிற்பங்களைத் தொட்டுப் பார்க்க விடுவார், மாலை நாலு வரை கூடவே இருப்பார் என்று ஃபோன் படித்தது. கூடவே சுற்ற இன்னொருவருக்கும் அனுமதி உண்டு. ஆனால் தாங்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அது ரத்து செய்யப்பட்டது. தங்கள் மனைவிக்குத் தனி டிக்கெட்.

அவள் துண்டை எடுக்காமலே திரும்பிப் போனாள்.

இரண்டு நாள் கேட்கவில்லை. அடுக்கிய பெட்டியைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். என் குரல் அவருக்குச் சலித்துவிட்டதா? மாடிப்படியில் ஒரு படியைக் குறைத்துச் சொல்லி அவர் தடுமாறினாரே, அதை மனதில் வைத்திருக்கிறாரா? நீலம் என்று சொல்லி முழித்ததை வைத்து, இவளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டிவிட்டாரா? நாத்தனார் திட்டியபோதுகூட வராத அழுகை வந்தது.

மூன்றாம் நாள், சட்டைகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டாள்.

“என்னங்க, கூட நான் வர வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. நான் சொல்றது உங்களுக்குப் பத்தலையா?”

அவர் கை நின்றது.

“போன மாசம் சினிமாவுக்குப் போனோமே. நடுவுல பத்து நிமிஷம் நீ எனக்கு ஒண்ணுமே சொல்லல.”

அவர் கவனித்திருக்க மாட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“தப்புதாங்க. அந்தக் காட்சியில அப்படியே லயிச்சுப் போயிட்டேன். இனிமே அப்படி நடக்காது.”

“பக்கத்துல உக்காந்து நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் நீ உனக்காகப் பாத்தது அந்தப் பத்து நிமிஷந்தான்.” அவர் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அங்க எனக்குச் சொல்ல ஆள் போட்டாச்சு. நீ ஒரு நாள் பூரா பேசாமப் பாத்துட்டு வா. பாத்ததை எனக்குச் சொல்லவும் வேண்டாம்.”