விழாத கை

இராணுவம் சுற்றிவளைப்பில் கொண்டுபோன மகனைப் பற்றி எந்த முகாமிலும் பதில் இல்லை. அதனால்தான் உடப்பிலிருந்து தில்லையம்பலமும் மனைவி யோகாம்பாளும் சிலாபத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு வைத்தியக்காரி, நீட்டிய கையை அமுக்கி உடம்பிடமே கேட்பாளாம். உண்மை சொன்னால் கை நிற்கும், பொய் சொன்னால் விழும்.

“தேங்காயை அமுக்கினா எண்ணெய் வரும். கையை அமுக்கினா என்ன வரும்?” என்றார் தில்லையம்பலம்.

யோகாம்பாள் கையை நீட்டினாள். “மகன் உயிரோட இருக்கிறான்.” வைத்தியக்காரி அமுக்க, கை விழுந்தது. “மகன் செத்திட்டான்.” அதற்கும் விழுந்தது.

“ரெண்டும் பொய்யெண்டா என்ன கதை, மகள்?” என்று தில்லையம்பலம் வைத்தியக்காரியைக் கேட்டார்.

“இப்பிடி ஒருநாளும் நடந்ததில்ல ஐயா.”

யோகாம்பாள் தானாகவே மறுபடி நீட்டினாள். “மகன் இஞ்ச, எனக்குப் பக்கத்தில நிக்கிறான்.”

அந்த மெலிந்த கை நின்றது. வைத்தியக்காரி இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

“தள்ளு, நான் பாக்கிறன்.” கண்ணுக்குத் தெரியாமல் இங்கே நிற்கிறவன் இனி வீட்டுக்கு வரமாட்டான் என்று தில்லையம்பலத்துக்குத் தெரியும். விழு, விழு என்று கெஞ்சிக்கொண்டு தன் பாரம் முழுவதையும் அந்தக் கையில் போட்டார். அவருடைய கால்கள் தரையை விட்டுக் கிளம்பின.

யோகாம்பாள் பக்கத்தில் திரும்பி, “விடு ராசா, அப்பாவுக்கு ஏலாது,” என்றாள்.

கை மெல்ல இறங்கி, அவரைத் தரையில் விட்டது.