சுத்தமான தெருவுக்கு ஒரு புகார்

"சார், மறுபடியும் அந்தத் தையல்காரம்மா போன் பண்ணிட்டாங்க. தெருவுல குப்பை மலையாக் கிடக்காம். இருக்கிற ஒரு ஆள் போதாதாம்."

புகார்களைக் கேட்டுக்கொள்ளும் பெண் இப்படிச் சொன்னதும் துப்புரவு சூப்பர்வைசருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

நாலு ஊர் நகராட்சிகளும் கைகோத்து ஆள், வண்டி, அலுவலகம் எல்லாவற்றையும் பொதுவாக்கி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல திட்டம்தான், குறை சொல்லக்கூடாது. முன்பெல்லாம் அடைத்த சாக்கடை வாரக்கணக்கில் நாறும். இப்போது எந்த ஊர் வண்டி சும்மா நிற்கிறதோ அது வந்து நின்றுவிடுகிறது. நாலு ஊருக்கும் சேர்த்து ஒரே புகார் எண். அந்த எண்ணே தனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல இந்த அம்மா!

"இன்னிக்கு நேர்லயே போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்று பைக்கை எடுத்தார்.

தெருமுனையில் இறங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். குப்பை மலையா? ஒரு பஸ் டிக்கெட்கூடக் கிடக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்ன சார், புகாரா? இந்தத் தெருவுக்கா? மாத்திரை கீழ விழுந்தா எடுத்து அப்படியே வாயில போட்டுக்கலாம், அவ்ளோ சுத்தம். தையல்காரம்மா வேலையாத்தான் இருக்கும். அவங்களுக்கு நாக்குல சனி."

அதற்குள் தெருவின் மறுகோடியிலிருந்து பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். வந்ததுமே கண் கலங்கிவிட்டது.

"சார், அவங்க போன்ல பேசுறது ஜன்னல் வழியா தெருவுக்கே கேக்குது. அவங்க பேச்சைக் கேட்டு என்னை இங்கேருந்து எடுத்துடாதீங்க. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காரு. பின்னாடி சந்துலதான் வீடு. நடுவுல ஒரு ஓட்டம் ஓடி அவரைப் புரட்டிப் படுக்க வெச்சு, தண்ணி குடுத்துட்டு வந்துடுவேன். இந்தத் தெரு போச்சுன்னா அவரைப் பாத்துக்க நாதியில்ல சார்."

"அழாதீங்கம்மா. தெருவைத்தான் என் கண்ணாலயே பாக்கறேனே."

"அவங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னே தெரியல. எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க."

சூப்பர்வைசருக்கு மனசு கேட்கவில்லை. சே, என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொண்டே தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.

முன்னறை முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகள். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா, வாயில் இருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, "வாங்க சார். அந்தத் துணியைத் தள்ளிட்டு உக்காருங்க" என்றார்.

"உக்கார வரல. நான் துப்புரவு சூப்பர்வைசர். குப்பை மலையாக் கிடக்குன்னீங்களே, எங்கம்மா அந்த மலை?"

"கிடந்துச்சு. பெருக்கிட்டாங்க."

"பெருக்கியாச்சுன்னா அப்புறம் எதுக்குப் புகார்?"

"நாளைக்கும் விழும்ல?"

அடேங்கப்பா! சூப்பர்வைசர் குரல் உயர்ந்துவிட்டது.

"விளையாடறீங்களா? அங்க ஒரு பொம்பளை பயத்துல அழுதுட்டு நிக்குது. அவங்க வயித்துல அடிக்கிறோமேன்னு உங்களுக்குக் கொஞ்சம்கூட உறுத்தலையா?"

மெஷின் நின்றது.

"அவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லியிருக்கேனா? தெருவுக்கு ஒரு ஆள் போதாதுன்னுதானே சொல்றேன்?"

"அந்தக் கதையெல்லாம் வேணாம். இன்னியோட சரி. உங்க நம்பர்லேருந்து போன் வந்தா எடுக்கவே கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிடப் போறேன்."

அதுவரை அலட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டதும் பதறி எழுந்தார். ஜன்னலை எட்டிப் பார்த்தார். பெருக்குகிற அம்மா மருந்துக்கடை வாசலிலேயே நின்றிருந்தார். ஜன்னலை மெல்லச் சாத்தினார்.

"சார், அது மட்டும் வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன், புகார் பண்ணலைன்னா தூக்கம் வராதோ?"

"பக்கத்துத் தெருவுல ஒரு அண்ணன் பெருக்கிட்டிருந்தாரே, அவரு இப்ப எங்க சார்?"

"அவரா? தங்கமான வேலைக்காரர்மா. அந்தத் தெருவுலேருந்து ஒரு புகார் வந்ததில்ல. அங்க எதுக்குத் தனியா ஒரு ஆள்னு, கடைசி ஊருக்கு மாத்திட்டோம். ரெண்டு பஸ் மாறிப் போறாரு, பாவம். என்ன பண்றது? புகார் எங்கயோ ஆள் அங்க. அதானே கூட்டுத் திட்டம்!" கொஞ்சம் பெருமையாகவே சொன்னார் சூப்பர்வைசர்.

தையல்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த அம்மாவும் தங்கமாத்தான் பெருக்கறாங்க சார். அது உங்க ஆபீசுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அங்க படுத்துக் கிடக்கிற மனுஷனை யாரு புரட்டிப் போடறது?"