பிறவி நம்பர்

“போன மாசம் என்னைப் பத்தித் தலைமை அலுவலகத்துக்குப் பேர் போடாம மெயில் அனுப்பினவன் யாரு? குளிர் கோட்டைக்கூட எடுக்கவிடாம பனியில தள்ளுறேன்!” ஔலு கிளையின் மேலாளர் தௌனோ மேசையில் குத்தினார், காப்பி தளும்பியது.

“பதிவுல, மெயில் அனுப்பின கணினிக்குள்ள இருந்த நெட்வொர்க் கார்டோட நம்பர்தான் இருக்கு,” என்றாள் கணினிகளைப் பராமரிக்கும் ரித்வா. “ஒவ்வொரு கார்டுக்கும் பிறவியிலேயே ஒரு நம்பர் உண்டு. ஆனா, தௌனோ...”

“ஆனா கீனா எல்லாம் வேண்டாம்!”

அந்தக் கார்டு எந்தக் கணினியில் இருக்கிறதோ, அதை வைத்திருப்பவருக்கு இன்றோடு வேலையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, தலைமை அலுவலகத்துக்கே ஃபேக்ஸ் அனுப்பினார்.

“இப்ப அந்த நம்பரைத் தடு. எவன் அலறுறான்னு பாப்போம்.”

ரித்வா தடுத்தாள். தௌனோவின் கணினிக்குப் பின்னால் மினுங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

“ஏய், என்னோடது ஏன் போச்சு?” என்று அலறினார்.

“போன வாரம் உங்க கார்டு செத்துப்போச்சே. புதுசு வர்றவரைக்கும் காத்திருக்க மாட்டேன், யாரோடதையாவது கழட்டி மாட்டுன்னு கத்துனீங்களே?”

“யாரோடதை மாட்டினே?”

“என்னோடதைத்தான். கோட்டை எடுத்துக்குங்க தௌனோ, வெளியே பனி கொட்டுது.”