அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன

“அவள் என்ன சொன்னாள்?” என்று மேடையில் நின்றபடியே கேட்டார் வெர்னா அகஸ்டின்.

அரங்கில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

மேடையோரத்தில் மைக்கோடு நின்ற மஞ்சுளாவிடம்தான் அந்தக் கேள்வி. வெர்னா ஆங்கிலத்தில் பேசப் பேச, ஒவ்வொரு வரியையும் பர்மிய மொழியில் சொல்வது அவள் வேலை. கூட்டத்திலிருந்து வரும் சொல்லைத் திருப்பி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்தால் யாங்கூன் தெருக்கள் வெறிச்சோடிவிடும். அதனால் நாடகம் மதியமே தொடங்கியிருந்தது. மின்சாரம் இல்லை. பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

வெர்னாவுக்கு எழுபது நெருங்குகிறது. ஒரு நாற்காலி, ஒரு சிவப்புச் சால்வை, இவ்வளவுதான் அவருடைய நாடகக் குழு. ஊர் ஊராகப் போய்த் தன் கதையைத் தானே நடித்துக் காட்டுகிறவர்.

டிரினிடாட் தீவில் ஒரு சலவைக்காரியின் மகள். சின்ன வயதிலேயே நடிப்புக்காக லண்டனுக்குப் போனார். வருடக்கணக்காகத் தேநீர்த் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரி வேடம்தான் கிடைத்தது. பிறகு கடல் தாண்டி வேறொரு நகரத்துக்குப் போனார். அங்கே பெரிய அரங்கில் ராணியாக நடித்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

முதல் நாள் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மிச்சப் பாதிக்கு அவர் முழு ராணியாக நடித்தார்.

அந்த நகரத்து அரங்கின் வாசலில் நடந்ததைத்தான் இப்போது நடித்துக்கொண்டிருந்தார். காவலாளி மறித்து, “ஏ கறுப்பி, வேலைக்காரிகளுக்குப் பின்வாசல்” என்கிறான். மஞ்சுளா அதைப் பர்மிய மொழியில் சொல்லி வாய் மூடவில்லை, பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு பெண் குரல் குறும்பாகக் கூவியது.

“கலாமா!”

இந்தியர்களையும் கறுத்தவர்களையும் இளக்காரமாகச் சொல்லும் பர்மியச் சொல். பெண்ணென்றால் கலாமா.

யாங்கூனின் புறநகரான தாகேதாவில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மஞ்சுளாவின் பின்னால் வந்த சொல் அது. மாவ்பியைச் சேர்ந்த பர்மியரைக் கல்யாணம் செய்துகொண்டபோது, தாகேதா எல்லையிலிருந்த பசுண்டாங் பாலத்துக்கு அந்தப் பக்கமே அதை விட்டுவிட்டு வந்தாள். மஞ்சுளா என்ற பெயரையும் சேர்த்துத்தான்.

கொஞ்சம் வெளுத்த நிறம். பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசினால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லோருக்கும் அவள் மா மியா என்ற பர்மியப் பெண். சொந்த ஊர் மோல்மீன், உறவென்று யாரும் இல்லை என்று சொல்லி வைத்திருந்தாள். கணவரைத் தவிர, வீட்டிலும் சரி வெளியிலும் சரி, வேறு யாருக்கும் உண்மை தெரியாது.

அன்று காலையில்கூட அண்ணன் சுரேந்திரன் போனில் கேட்டார்.

“நானும் வந்து பாக்கட்டுமா தங்கச்சி? யாருகிட்டயும் பேசமாட்டேன். பின்னால நின்னு பாத்துட்டுப் போயிடறேன்.”

“வேணாம்ணே. டிக்கெட் தீந்து போச்சு.”

டிக்கெட் இருந்தது.

வெர்னா காத்துக்கொண்டிருந்தார்.

‘நீங்கள் அழகாக இருக்கிறீர்கள் என்கிறாள்’ என்று சொல்லிவிடலாம். நாடகம் தொடரும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். மா மியாவும் போகலாம்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாதது அந்தச் சொல் மட்டும்தான்.

மஞ்சுளா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். முதலில் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அதையே அரங்குக்காகப் பர்மிய மொழியில் சொன்னாள்.

“அது உங்களுக்கான சொல் இல்லை, மேடம். என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஊர் வைத்த பெயர். நான் தமிழச்சி. தாகேதாவில் பிறந்தவள். என் பெயர் மஞ்சுளா.”

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த அரங்க நிர்வாகி கழுத்தை நீட்டி, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

வெர்னா மேடையோரத்துக்கு வந்தார். மஞ்சுளாவின் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் இழுத்தார்.

“அடுத்த வரியை நீயே சொல். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.”

அடுத்த வரி, காவலாளிக்கு வெர்னா அன்று சொன்ன பதில். ஒத்திகையில் மஞ்சுளா பலமுறை மொழிபெயர்த்ததுதான். ‘இந்த வாசல் வழியாகத்தான் வருவேன். நகர்ந்து நில்.’

சொன்னாள். பாதியில் நிறுத்தினாள். முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

சிலர் கைதட்டினார்கள். பலர் தட்டவில்லை. இரண்டு பேர் எழுந்து போனார்கள். நாடகம் கடைசிவரை நடந்தது.

திரை விழுந்த பிறகு, சால்வையை மடித்துக்கொண்டே வெர்னா கேட்டார். “அந்தப் பெண்ணோடு நான் கொஞ்சம் பேச வேண்டும். திட்டுவதற்கு இல்லை. யாரென்று கண்டுபிடிக்க முடியுமா?”

“கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மேடம். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.”

மஞ்சுளா திரையைக் கொஞ்சம் விலக்கினாள். அரங்கு காலியாகியிருந்தது. பின்வரிசையில் தோழிகளெல்லாம் போன பிறகும் ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மகள்” என்றாள்.