பின்சுவர் ஓரத்து இடம்

ஈஸ்டர் ஆராதனை முடிந்து சபை கலைவதற்குள், கல்லறைத் தோட்டச் செகரட்டரி ஞானையனை வாசலிலேயே மறித்துவிட்டாள் சுசீலாபாய்.

"சாரே, நான் செத்தா சூடாமணி பக்கத்துல எனக்கு ஒரு இடம் வேணும்."

வீட்டில் ஆப்பமும் கோழிக்கறியும் ஆறிக்கொண்டிருந்தன. லெந்து நோன்பு நாற்பது நாளும் கறி மீன் தொடாத வயிறு ஞானையனுடையது. இந்த நேரம் பார்த்தா இவள் வரவேண்டும்?

"அக்கா, சாவு தோத்துப்போச்சுன்னு போதகர் இப்பத்தான் தொண்டை கிழியச் சொல்லி முடிச்சாரு. நீங்க என்னடான்னா குழிக்கு இடம் பிடிக்க வாறீங்க."

"தோத்தது தோக்கட்டு. என் காரியத்தைச் சொல்லுங்க."

"முன்கூட்டியே ஒதுக்கச் சட்டம் இல்ல. முதல்ல ஆள் சாகணும்."

"அதுக்குத்தானே நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். பித்தப்பைக் கல்லு, ஆபரேஷன்."

பித்தப்பைக் கல்லுக்கெல்லாம் யாரும் சாகமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், பேச்சு நீளுமே என்று விழுங்கிக்கொண்டார்.

ஆனால் சூடாமணி பக்கத்திலா? அதுதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

கிழக்கேகோட்டைக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கொடியில் காயும் துணிக்குச் சண்டை, ஓடேறும் பூனைக்குச் சண்டை, காற்றில் டிவி ஆன்டெனா சாய்ந்தால் அதற்கும் சண்டை. போன வருஷம் சூடாமணியின் அடக்கத்தில்கூட, பெட்டியை மூடப்போகிற நேரம் சுசீலாபாய் குனிந்து, "படுத்திருக்கா பாரு, மகாராணி கணக்கா" என்று ஏசினாளே! போதகருக்கு ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. சபையே தலையில் அடித்துக்கொண்டது.

"அக்கா, நான் நல்ல இடமாத் தாறேன். முன்வாசல் பக்கம், மாமரத்து நிழல். உயிர்த்தெழுற அன்னைக்கு முதல் ஆளா நீங்க வெளிய போயிரலாம்."

"வேண்டாம்."

"பக்கத்துல ரிட்டையர்டு தாசில்தார். மரியாதைப்பட்ட மனுஷன்."

"அவருகிட்ட நான் என்னத்தைப் பேச?"

"சூடாமணி கிடக்கது பின்சுவர் ஓரம். ஓடைத் தண்ணி ஊறுற இடம். சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"அப்ப எனக்குத் தர உங்களுக்கு என்ன தயக்கம்?"

ஞானையனுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"உள்ளதைச் சொல்லட்டுமா? நீங்க ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் படுத்தா அங்க மத்தவங்க நிம்மதியா உறங்க முடியாது. செத்த பிறகுமா வழக்குப் பிடிக்க ஆள் தேடுறீங்க? கர்த்தர் சாவையே ஜெயிச்சாரு. உங்களால ஒரு கோபத்தை ஜெயிக்க முடியலையே."

நல்ல வார்த்தை. சொன்னவருக்கே பிடித்துப்போனது. அடுத்த கமிட்டியிலும் இதை ஒருதரம் எடுத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

சுசீலாபாய் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வழக்கமான சத்தம் அவளிடமிருந்து வரவில்லை.

"அவ உறக்கம் உங்களுக்குத் தெரியாது சாரே. இடி விழுந்தாலும் முழிக்க மாட்டா. விடியக்காலம் பைப்புல தண்ணி வாற நேரம், கட்டினவன் எழுப்பியும் எழும்பாதவள இத்தன வருஷமும் எழுப்பிவிட்டது நான்தான். கடைசி நாள்ல தூதன் எக்காளம் ஊதுவான், மரிச்சவங்க எல்லாரும் எழும்பிப் போயிருவாங்க. இவ மட்டும் அந்த மூலையில கெடந்து உறங்கிட்டான்னா, பாவம், யாரு நினைச்சுப் பாப்பா? பக்கத்துல நான் கெடந்தாத்தானே, ரெண்டு ஏச்சு ஏசி எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன்?"