கூடு வேறே, ஓட்டம் வேறே

“உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்கம்மா.”

கண்ணில் செருகிய லென்சை எடுக்காமலே சொன்னார் பழங்கால வாட்ச் நிபுணர்.

அவள் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். அப்பா விட்டுப்போன பாக்கெட் வாட்ச். விற்பதற்காக அல்ல, எந்தக் காலத்தது என்று தெரிந்துகொள்ளத்தான் பெட்டியோடு கொண்டு வந்திருந்தாள்.

“மூடியில 4162. உள்ளே ஓடுற மெஷின்ல 4163. இந்த ரக வாட்சுல ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும். கூடுதான் உங்களோடது. மெஷின் வேற வாட்சோடது.”

அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. தாத்தா ஒரே நாளில் வாங்கிய ஜோடி. ஒன்று அப்பாவுக்கு, அடுத்த நம்பர் சித்தப்பாவுக்கு.

“எங்க சித்தப்பா வேலை சார் இது! வீட்டைப் பிரிச்சப்போ அப்பாகிட்ட சண்டை போட்டவர். இருபது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா சாவுக்குக்கூட வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டார். கடைசியில இந்த வாட்சையும் விட்டு வைக்கலை பாருங்க.”

அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, கடை முகவரியைச் சொன்னாள். “உங்க வாட்சை எடுத்துக்கிட்டு உடனே இங்க வாங்க.”

அரை மணியில் மூச்சு வாங்க வந்து நின்றார் சித்தப்பா. எதுவும் கேட்காமல் வாட்சை நீட்டினார்.

நிபுணர் திறந்தார். “மூடி 4163. மெஷின் 4162. மாத்தித்தான் போட்டிருக்கு.”

“இப்ப என்ன சொல்றீங்க சித்தப்பா?”



“கொஞ்சம் இருங்கம்மா.” நிபுணர் சாவி கொடுத்துப் பார்த்தார். காதில் வைத்தார். மறுபடியும் லென்சைச் செருகினார்.

“இவர்கிட்ட இருக்கிறது ஓடாத மெஷின். அச்சு முறிஞ்சிருக்கு. இதுக்கெல்லாம் இப்ப மாத்துப் பாகம் கிடைக்காது. நல்லா ஓடுறது உங்ககிட்டதான் இருக்கு. நல்லதைக் குடுத்துட்டு உடைஞ்சதை எவனாவது திருடுவானா?”

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள்.

“அண்ணனுக்குக் கண் போனப்புறம் அந்த டிக் டிக்தானேம்மா துணை... அதுவும் நின்னுபோச்சுன்னு எனக்கும் பழக்கமான ரிப்பேர்காரர் என்கிட்ட சொன்னார். நான் குடுத்தா ஒரு துரும்பைக்கூட வாங்கமாட்டாரு உங்கப்பா. அதான், என்னோடதை உள்ளே வெச்சுத் தெரியாம குடுக்கச் சொன்னேன். எனக்கென்ன, கண்ணு நல்லாயிருக்கு. சுவர்ல கடிகாரம் தொங்குது.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சித்தப்பா!”

“நீ எதைத்தான் உங்கப்பாகிட்ட மறைச்சே?”

அவள் மேஜைமேல் இருந்த அப்பாவின் வாட்சையும் அதன் பெட்டியையும் அவர் பக்கம் நகர்த்தினாள். “இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

சித்தப்பா இரண்டு வாட்சையும் அந்த ஒரே பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார். இடம் போதவில்லை. அடியிலிருந்த மெத்தையை உருவினார். கூடவே, மடித்த காகிதம் ஒன்று வந்து விழுந்தது.

அப்பாவின் எழுத்து. பார்வை போனபிறகு எழுதியது. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

“பாப்பா, இது தம்பி வாட்சோட சத்தம். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடாதே. கூச்சப்படுவான்.”