ஒரு முடிச்சு குறைவு

"நூல் கட்ட நம்ம மாமியாருக்கு மட்டும் கை வரல, பாத்தியா?"

புன்மீ மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மெதுவு அது. பைலினுக்கு அவள் ஓரகத்தி; மூத்த மருமகள்.

நடுவில் சாமந்திப்பூ அடுக்கிய தட்டு, அவித்த கோழி, முட்டை, வாழைப்பழம். பைலின் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, உயிர் உடம்பை விட்டு எங்கேயும் போய்விடாமல் இருக்க, அவள் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டி வாழ்த்தினார்கள்.

மறுநாள் அவளுக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை. கர்ப்பப்பையில் கட்டிகள். மாதாமாதம் ரத்தம் கொட்டி ஆளே வெளுத்துப் போயிருந்தாள்.

"வயித்தைக் கிழிக்க மாட்டாங்களாம் சித்தப்பா. இடது மணிக்கட்டுல சின்னத் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூபை விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்தை அடைச்சிடுவாங்க. கட்டி தானாச் சுருங்கிடுமாம்" என்றாள் பைலின், நூல் கட்ட வந்த சித்தப்பாவிடம்.

"வயித்துக்கு மணிக்கட்டு வழியாவா? ரொம்பச் சுத்து வழியால்ல போறாரு உங்க டாக்டர்."

கூடமே சிரித்தது. பைலினும் சிரித்தாள்.

"துளை போடற இடமா இது? அப்ப எல்லாரும் இடது கையில ரெண்டு முடிச்சாப் போடுங்க" என்று ஒருத்தர் சொல்ல, இடது கையில் நூல் வளையல் மாதிரி அடுக்கிக்கொண்டே போனது.

மாமியார் கம்மூன் மட்டும் இல்லை. ஆட்கள் வரத் தொடங்கும்போதே, டவுனில் வேலை இருக்கிறது என்று கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

"ஒருநாள் கருவாடு விக்கலைன்னா ஊரு பட்டினியா கிடந்துடும்?" என்றாள் புன்மீ.

"விடுங்கக்கா. அவங்க குணம் அது" என்றாள் பைலின். ஆனாலும் வாசல் பக்கமே அவள் கண் போய்ப் போய் வந்தது.

பொழுது சாயும்போது கம்மூன் திரும்பி வந்தார். பைலின் எழுந்துபோய்க் கையை நீட்டினாள்.

"அத்தை, உங்க கையால ஒரு முடிச்சு."

"கட்ட வேண்டிய இடத்துல கட்டியாச்சு. போய்ப் படு. ராத்திரி எதையாவது தின்னு வைக்காதே, வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க."

"கருவாட்டு மூட்டையைச் சொல்றாங்க. அதைத்தான் நல்லாக் கட்டுவாங்க" என்று புன்மீ அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். பைலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் பைலினும் புன்மீயும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நகப்பூச்சை முன்னமே அழித்தாகிவிட்டது. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றியாகிவிட்டது. கழுத்திலிருந்த தாயத்தும் புன்மீயின் பைக்குள் போய்விட்டது. அங்கி மாட்டிவிட வந்த நர்ஸ், பைலினின் கைகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"கையில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொன்னோமேக்கா."

"நகைதானே கூடாதுன்னீங்க? இது நகையில்லையே."

"இடது கையிலதான் துளையே போடணும். வலது கையில ட்ரிப்ஸ் ஏத்தணும். எதுவும் இருக்கக் கூடாது."

"மூணு நாளாவது இருக்கணும். நேத்துதான் கட்டினாங்க." பைலின் கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இது இல்லாம நான் உள்ள வர மாட்டேன்."

"கட்டின நூலை அறுக்கக் கூடாது. கத்தரிக்கோலை எடுத்தே, நடக்கிறதே வேற" என்று புன்மீ எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியாதா? நானும் பக்கத்து ஊருதான்" என்ற நர்ஸ், கட்டிலில் உட்கார்ந்து நகத்தால் ஒவ்வொரு முடிச்சாக நெம்பி அவிழ்க்கத் தொடங்கினாள். கேலி பேசிய சித்தப்பாவின் முடிச்சு, பக்கத்து வீட்டு முடிச்சு, புருஷன் போட்ட முடிச்சு. கடைசியில் இரண்டு கையும் மொட்டையாக நின்றன. பைலினுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"பத்திரமா வச்சிருக்கேன், திரும்பி வந்ததும் நானே கட்டிவிடறேன்" என்றாள் புன்மீ.

"அத்தனையும் போச்சுக்கா. இப்ப ஒண்ணுகூட இல்லாம உள்ள போறேன்."

அப்போதுதான் டாக்டர் வந்தார். சின்ன வயசு. பாங்காக்கில் பிறந்து வளர்ந்தவர். அழுதுகொண்டிருக்கிற பைலினையும், நர்ஸ் கையிலிருந்த நூல் குவியலையும் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லைன்னு யார் சொன்னது?"

அரைக்கைச் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டார். வலது முழங்கைக்கு மேலே, புது வெள்ளை நூல்.

புன்மீ கிட்ட வந்து அந்த முடிச்சை உற்றுப் பார்த்தாள்.

"நேத்து வெளிநோயாளி வரிசையில டோக்கன் போட்டுக் கடைசி ஆளா வந்தது உங்க மாமியார். உடம்புக்கு என்னம்மான்னேன். 'எனக்கு ஒண்ணுமில்ல. கையைக் கழுவுவீங்களே, எதுவரைக்கும்?'னாங்க. முழங்கை வரைக்கும்னேன். 'அப்ப அதுக்கு மேல கட்டறேன், நீட்டுங்க. எம் பொண்ணு நாளைக்குப் பாதி மயக்கத்துல சும்மாக் கிடப்பா. நடுங்காம இருக்க வேண்டியது உங்க கைதானே'ன்னு சொல்லிக் கட்டிவிட்டுட்டாங்க."